கொடுமையான உறவிலிருந்து வெளியே வந்தவருக்கு ஆலோசனை: புதிய ஆலோசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் அறையில் மூன்று நாற்காலிகள் இருக்கும். பல வருடங்களுக்கு முன் ஒரு பெண் முதல் அமர்வுக்கு வந்தார். கதவைத் தாண்டி இரண்டடி வைத்தவர் அங்கேயே நின்றுவிட்டார். "எதுல உட்காரட்டும்?" என்று கேட்டார். "உங்களுக்கு எது பிடிக்குதோ அதுல உட்காருங்க" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். அவர் உட்காரவில்லை. நாற்காலிகளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி நாற்காலிகளைப் பார்த்தார். கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டே இருந்தார். வீட்டில் "உன் இஷ்டம்" என்று சொல்லப்பட்ட ஒவ்வொரு முறையும், அவர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது தப்பாகத்தான் முடிந்திருக்கிறது. அது எனக்கு நான்காவது அமர்வில்தான் தெரியவந்தது. (அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். கீழே வருபவர்களுக்கும் அப்படியே.)

இப்போது நான் சொல்வது வேறு. "இந்த நாற்காலியில இருந்து கதவு தெரியும். அது ஜன்னல் பக்கம். ரெண்டுல எதுவானாலும் சரிதான், நடுவுல மாத்திக்கவும் செய்யலாம்." தேர்வு அவருடையதுதான். ஆனால் தப்பான விடை என்று ஒன்று இல்லை என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதன் மையம் இந்த நாற்காலிதான். கொடுமையான உறவில் முதலில் பறிபோவது முடிவெடுக்கும் உரிமை, நாளாக நாளாக முடிவெடுக்கும் தெம்பும் போய்விடுகிறது. அதை அவர் கைக்குத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நம் வேலை. நல்லெண்ணத்தோடு நாமே அவருக்காக முடிவெடுக்க ஆரம்பித்தால், அவருடைய வாழ்க்கையில் உத்தரவு போடும் ஆள் மாறியிருக்கிறார், அவ்வளவுதான்.

யார் வருவார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2018-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, திருமணமோ துணையோ இருந்த 15 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறக்குறைய 27 சதவீதம் பேர், வாழ்நாளில் ஒருமுறையாவது துணைவரால் உடல் ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். ஆண்களும் வருவார்கள், ஒருபாலின உறவிலிருந்து வந்தவர்களும் வருவார்கள். யார் வந்தாலும் பணியின் வரிசை ஏறத்தாழ ஒன்றுதான்.

முதல் படி: ஆபத்து முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்

"வெளியே வந்துட்டார், இனி பயமில்லை" என்ற எண்ணம் புதிய ஆலோசகர்களுக்கு எளிதாக வரும். உண்மையில் பலருக்குப் பிரிந்த பிறகு வரும் வாரங்களும் மாதங்களும்தான் மிக ஆபத்தான காலம். தன் பிடி நழுவுகிறது என்று எதிராளி, அதாவது கொடுமை செய்தவர், உணரும் நேரம் அது.

அதனால் முதல் அமர்விலேயே நேராகக் கேளுங்கள். சுற்றி வளைத்துக் கேட்டால் பதிலும் சுற்றி வளைத்துத்தான் வரும். கொன்றுவிடுவேன் என்று மிரட்டியதுண்டா? துப்பாக்கியோ வேறு ஆயுதமோ அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா? பின்தொடர்கிறாரா? வேலை செய்யும் இடத்துக்கு வருகிறாரா? பிள்ளைகளுக்கு ஏதாவது செய்துவிடுவேன் என்கிறாரா? அமெரிக்காவில் செவிலியர் துறை ஆய்வாளரான ஜாக்குலின் கேம்பெல் 1980-களில் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் இப்படிப்பட்ட கேள்விகளை முறைப்படி வரிசைப்படுத்துகிறது. பயிற்சி எடுத்துக்கொண்டு அதைப் பயன்படுத்தலாம். கூடவே, வந்திருப்பவருக்கே சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

ஒரு கேள்வியைத் தனியாகச் சொல்ல வேண்டும்: "கழுத்தை நெரிச்சிருக்காரா?" பலரும் இதைத் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். "கையை வெச்சார், கொஞ்ச நேரந்தான்" என்று சாதாரணமாகக் கடந்து போவார்கள். 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, துணைவரால் கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள் பின்னாளில் அவராலேயே கொல்லப்படும் அபாயம் ஏழு மடங்குக்கும் அதிகம் என்று காட்டியது. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே கழுத்து ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம், நாட்கள் கழித்துப் பக்கவாதம் வரலாம். அண்மையில் நடந்தது என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்புங்கள். அடிபட்ட தலைக்கும் இதுவே பொருந்தும். மறதி, கவனக்குறைவு, ஓயாத தலைவலி எல்லாவற்றையும் மனக்காயம் என்று நாமே எழுதி வைத்துவிடக் கூடாது. மூளைக்காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது மருத்துவர்.

அப்புறம் போன். எந்த எண்ணுக்கு அழைக்கலாம், செய்தி அனுப்பலாமா, எந்தப் பெயரில் அனுப்பலாம் என்று முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இருவரும் சேர்ந்து பயன்படுத்திய கணக்குகள், பிள்ளையின் டேப்லெட், காரில் இருக்கும் கருவி என்று இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்க இன்று ஏராளமான வழிகள் இருக்கின்றன. உளவு செயலி இருப்பதாகச் சந்தேகம் வந்தால் உடனே அழிக்கச் சொல்லிவிடாதீர்கள். கண்காணிப்பு அறுந்ததும் எதிராளி கொதித்தெழலாம், சாட்சியமும் போய்விடும். வேறொரு பத்திரமான போனிலிருந்து, குடும்ப வன்முறைத் துறையில் வேலை செய்பவர்களிடம் கேட்டு, பாதுகாப்புத் திட்டம் ஒன்றைப் போட்ட பிறகு செய்யலாம்.

அந்தத் துணைவரோ உறவினரோ "ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சுப் பேசுங்களேன்" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். பயம் இருக்கும் உறவில் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்தால், அறையில் உண்மை பேசியதற்கான தண்டனை வெளியே போன பிறகு கிடைக்கும்.

இரண்டாம் படி: கேட்கும் விதம்

உலக சுகாதார நிறுவனம் சுகாதாரப் பணியாளர்களுக்காக 2014-இல் வெளியிட்ட கையேடு முதல் உதவியை ஐந்து செயல்களாகச் சொல்கிறது: கேட்பது, என்ன தேவை என்று விசாரிப்பது, நம்புவதாகக் காட்டுவது, பாதுகாப்பைக் கூட்டுவது, அடுத்த உதவிக்கு வழிசெய்வது. இந்த ஐந்தில் அறிவுரை இல்லை என்பதைக் கவனியுங்கள்.

"ஏன் இவ்வளவு நாள் அங்கேயே இருந்தீங்க?" என்ற கேள்வியை எவ்வளவு மென்மையாகக் கேட்டாலும் அது குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும். அதே கேள்வியை அவர் தன்னிடமே ஆயிரம் முறை கேட்டுவிட்டுத்தான் நம் வாசலுக்கு வந்திருக்கிறார். நான் இப்படிக் கேட்பேன்: "அந்த நாட்களில் உங்களையும் பிள்ளைகளையும் காப்பாத்திக்க என்னென்ன செஞ்சீங்க?" அப்போது வரும் பதில்களைக் கேட்க வேண்டும். காலடிச் சத்தத்தை வைத்தே எதிராளி எந்த மனநிலையில் வருகிறார் என்று கணித்தது, பிள்ளைகளை முன்னாலேயே தூங்க வைத்தது, சண்டை தொடங்கும்போது கதவுக்குப் பக்கமாக நகர்ந்து நின்றது. இதையெல்லாம் தன் கோழைத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர், சொல்லச் சொல்லத் தன் புத்திசாலித்தனத்தைத் தானே கேட்கிறார்.

இன்னொன்று: எதிராளியைத் திட்டாதீர்கள். நமக்குக் கோபம் வரும், வர வேண்டியதுதான். ஆனால் "அவன் ஒரு மிருகம்" என்று நாம் சொல்லிவிட்டால், அடுத்த வாரம் அந்த மனிதரை நினைத்து அழ வேண்டும் போலிருக்கும்போது நம்மிடம் சொல்ல முடியாமல் போய்விடும். "அவர் செஞ்சது தப்பு, அதுக்கு நீங்க காரணமில்லை" என்பது போதும்.

மூன்றாம் படி: உடம்பு அடங்க வேண்டும்

தூக்கமில்லை, கதவு சாத்தினால் திடுக்கிடுகிறார், சாப்பாடு இறங்கவில்லை. இந்த நிலையில் ஆழமான பேச்சு எதுவும் உள்ளே போகாது. முதலில் தூக்கமும் சாப்பாடும் ஓரளவு சீராகட்டும். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்பத் தயங்க வேண்டாம்.

கண்ணை மூடி ஆழமாக மூச்சு விடச் சொல்வது நம்மில் பலருக்கும் கைவந்த பயிற்சி. இவர்களில் சிலருக்கு அது ஆகாது. பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது கண்ணை மூடுவதே பயம். கழுத்து நெரிக்கப்பட்டவருக்கு மூச்சைக் கவனிப்பதே அந்த இரவை இழுத்துக்கொண்டு வந்துவிடலாம். கண் திறந்தபடி செய்யக்கூடியதைக் கொடுங்கள். அறையில் தெரியும் ஐந்து பொருட்கள், தொட்டு உணரும் நான்கு, கேட்கும் மூன்று சத்தம் என்று மெதுவாகச் சொல்ல வைப்பது எளிய வழி. ஒருவருக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. அவர் தன் சாவிக்கொத்தை உள்ளங்கையில் வைத்து, ஒவ்வொரு சாவியின் பல்லையும் கட்டை விரலால் தடவிப் பார்ப்பார். "இது என் வீட்டுச் சாவி. இன்னொண்ணு வேற யார்கிட்டயும் இல்ல" என்பார். நான் சொல்லிக்கொடுத்த எந்தப் பயிற்சியையும் விட அது நன்றாக வேலை செய்தது. அவரவர் தானாகக் கண்டுபிடித்ததை மதியுங்கள்.

நான்காம் படி: நடந்ததற்குப் பெயர்

"அடிக்கவெல்லாம் இல்லை, அதனால இது கொடுமையான்னு தெரியல" என்று தொடங்குபவர்கள் நிறைய. யாரோடு பேசலாம், எவ்வளவு செலவழிக்கலாம், எந்த உடை உடுத்தலாம், எத்தனை மணிக்குத் தூங்கலாம் என்பதுவரை ஒருவர் வாழ்க்கையை இன்னொருவர் கட்டி ஆள்வதும் வன்முறைதான். இவான் ஸ்டார்க் என்ற சமூகவியலாளர் 2007-இல் இதை விரிவாக எழுதினார். 2015-இல் இங்கிலாந்தும் வேல்ஸும் இதைத் தனிக் குற்றமாகவே சட்டத்தில் சேர்த்தன. இதைக் கேட்டதும் சிலருக்கு அழுகை வரும், நடந்தது தன் கற்பனை இல்லை என்று முதல் முறையாக உறுதியாகிறது.

லெனோர் வாக்கர் என்ற உளவியலாளர் 1979-இல் சொன்ன வன்முறைச் சுழற்சியையும் ஒரு படமாகக் காட்டலாம். பதற்றம் ஏறும், வெடிக்கும், பிறகு மன்னிப்பும் அன்பும் வரும், மறுபடி பதற்றம். இதைப் பார்த்ததும் "அப்படியே எங்க வீடு" என்பவர்கள் உண்டு. மன்னிப்பே கேட்கப்படாத வீடுகளும் உண்டு. படம் பொருந்தவில்லை என்றால் படத்தை விட்டுவிடுங்கள், அவர் சொல்வதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ஏக்கம்

இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் வருபவர்கள் மிக அதிகமாக மறைப்பது இதைத்தான்.

வெளியே வந்து ஆறேழு வாரம் ஆன ஒருவர், அமர்வு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "அவர் சட்டை ஒண்ணு என்கிட்ட இருக்கு. தினமும் அதைப் பக்கத்துல வெச்சுத்தான் தூங்குறேன். நான் பைத்தியமா?" அவருடைய தங்கை இதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பட்டும் உனக்குப் புத்தி வரல" என்று சொல்லியிருக்கிறார். அதிலிருந்து சட்டையை ஒளித்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

டான் டட்டன், சூசன் பெயின்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1981-இல் இந்த ஒட்டுதலை விளக்கினார்கள். ஒருவர் கையில் மட்டும் அதிகாரம், கொடுமைக்கு நடுவே எப்போது வரும் என்று தெரியாத அன்பு. இந்த இரண்டும் சேர்ந்தால் பிணைப்பு சாதாரணக் காதலை விட இறுக்கமாகிவிடும். பயமுறுத்துகிறவரும் பயத்தைத் தணிக்கிறவரும் ஒரே ஆள். அடித்த கையே மருந்தும் போடுகிறது. அப்படிப்பட்ட கை விலகினால் உடம்பு அதைத் தேடத்தான் செய்யும். இதை அவருக்குப் புரியும் வார்த்தைகளில் சொல்லுங்கள். பைத்தியமும் இல்லை, அவமானமும் இல்லை.

துக்கமும் இருக்கிறது. அவர் இழந்தது அந்த மனிதரை மட்டும் இல்லை. ஆரம்பத்து நல்ல நாட்கள், இப்படி ஆகியிருக்கலாம் என்று கட்டி வைத்த எதிர்காலம், கூட இருந்த நண்பர்கள், சில நேரம் வளர்த்த நாய்க்குட்டி வரை போயிருக்கிறது. ஒருவர் இறந்தால் ஊரே வந்து அழும். இந்த இழப்புக்கு "நல்லவேளை தப்பிச்ச" என்று வாழ்த்துதான் கிடைக்கிறது. அழ ஓர் இடம் வேண்டும், அது நம் அறையாக இருக்கட்டும். சட்டையைத் தூக்கிப் போடச் சொல்ல வேண்டாம். அவர் அதை நான்கு மாதம் கழித்து, தானாக, ஒரு சாதாரண நாளில் போட்டார். போட்டதை என்னிடம் சொல்லவே மறந்துவிட்டு, அடுத்த மாதம்தான் சொன்னார்.

ஏக்கம் திடீரென்று பொங்கும் நேரத்துக்கு ஒரு கைத்துணை வேண்டும். நடந்தவற்றைத் தன் கையெழுத்திலேயே எழுதி, பத்திரமான இடத்தில் வைத்திருப்பது பலருக்கு உதவுகிறது. அவரை அழைக்க வேண்டும் போலிருக்கும்போது முதலில் அதைப் படிப்பது, பிறகு அரை மணி நேரம் பொறுப்பது. அழைத்துவிட்டாலும் நம்மிடம் சொல்லலாம் என்ற உறுதியையும் கொடுத்து வையுங்கள்.

ஆறாம் படி: "எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்"

குற்ற உணர்ச்சியை "உங்க தப்பு இல்லைங்க" என்று சொல்லி மட்டும் இறக்கிவிட முடியாது. தலையாட்டுவார், நம்ப மாட்டார். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம், அந்த நாளில் எனக்குத் தெரிந்திருந்தது. வலது பக்கம், இன்று எனக்குத் தெரிவது. ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்ள வேண்டும், மொத்த உறவையும் இல்லை.

ஒருவர் திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பு நடந்ததை எடுத்தார். வருங்காலக் கணவர் அவர் போனைச் சுவரில் எறிந்து உடைத்த நாள். இடது பக்கம் அவர் எழுதியது: மறுநாள் புது போன் வாங்கி வந்தார். அழுதார். வேலை போய்விடும் என்ற பயம் என்றார். அதற்கு முன் ஒருமுறைகூடக் கோபப்பட்டுப் பார்த்ததில்லை. வலது பக்கம்: அது முதல் அடையாளம். எழுதி முடித்ததும் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இடது பக்கம் இருக்கிறதை வெச்சு யாரா இருந்தாலும் மன்னிச்சிருப்பாங்க" என்றார். அந்த வாக்கியத்தை நான் சொல்லியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

ஏழாம் படி: பழைய காட்சிகளைத் தொடுவது

எல்லோருக்கும் இது தேவைப்படாது. பாதுகாப்பும் ஆதரவும் கிடைத்ததுமே பலர் தேறிவிடுவார்கள். கெட்ட கனவு, நடந்தது மறுபடி நடப்பது போன்ற உணர்வு, எதையும் தவிர்த்து ஒதுங்குவது இவை மாதக்கணக்கில் நீடித்தால் முறையான மனக்காயச் சிகிச்சை வேண்டும். சிபிடி (CPT) எனப்படும், நடந்ததைப் பற்றி மனதில் ஊறிப்போன எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் சிகிச்சை சுமார் 12 அமர்வுகளில் முடிவது. பிரான்சின் ஷபிரோ என்ற உளவியலாளர் 1987-இல் தொடங்கிய இஎம்டிஆர் (EMDR), கண் அசைவுகளோடு பழைய நினைவுகளைக் கையாளும் சிகிச்சை, இன்னொன்று. இவற்றைப் பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாமல் கையில் எடுக்காதீர்கள். பயிற்சி உள்ளவரிடம் அனுப்புவது நம் தோல்வி ஆகாது.

வருடக்கணக்கில் கொடுமைக்குள் இருந்தவர்களிடம் இன்னும் மூன்று விஷயங்கள் சேர்ந்து தெரியலாம்: உணர்ச்சியை அடக்க முடியாமை, தான் எதற்கும் லாயக்கற்றவர் என்ற நினைப்பு, யாரோடும் நெருங்க முடியாமை. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆம் நோய் வகைப்பாடு இதைச் சிக்கலான பிடிஎஸ்டி (PTSD, மனக்காயத்துக்குப் பின் வரும் மன அழுத்த நோய்) என்று தனியாகக் குறிப்பிடுகிறது. இவர்களுக்கு நாள் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. எதிராளி இன்னமும் தெருமுனையில் வந்து நிற்கிறார் என்றால், இவருடைய பயம் நோய்க்குறி இல்லை, சரியான தகவல். அதைத் தணிக்கப் பயிற்சி கொடுத்துவிடாதீர்கள். எது பழைய பயம், எது இன்றைய பயம் என்று இருவரும் சேர்ந்து பிரித்துப் பாருங்கள்.

முடிவெடுக்கும் பழக்கம்

இதற்கு எண் போடவில்லை, எல்லாப் படியிலும் ஓட வேண்டியது இது. அடுத்த அமர்வு எப்போது, இன்று எதைப் பேசலாம், எதைப் பேச வேண்டாம் என்று அவர் சொல்லட்டும். "நான் என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க" என்று கெஞ்சுவார். சொல்லிவிடலாம் என்று நமக்கும் கை துறுதுறுக்கும். இருக்கும் வழிகளை எடுத்துச் சொல்லுங்கள், ஒவ்வொன்றின் நல்லது கெட்டதைச் சேர்ந்து பாருங்கள், தேர்வை அவரிடம் விடுங்கள். நம்மோடு ஒத்துப்போகாமல் "இல்ல, எனக்கு அது வேண்டாம்" என்று முதல் முறை சொல்லும் நாள் வரும். அதை மனமார வரவேற்கும் முகம் நமக்கு இருக்க வேண்டும். அவர் நம் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

திரும்பிப் போய்விட்டால்? போவார்கள். ஒரே தடவையில் முழுசாக விலகிவிடாதவர்கள் நிறையப் பேர். நமக்கு வருத்தம் இருக்கும், பயமும் இருக்கும். "நீங்க எப்ப வந்தாலும் இந்தக் கதவு திறந்திருக்கும்" என்று சொல்லுங்கள், பாதுகாப்புத் திட்டத்தைப் புதுப்பியுங்கள், முக்கியமான ஆவணங்களை எங்கே வைக்கலாம் என்று பேசுங்கள். நம்மிடம் முகம் காட்ட வெட்கப்படும்படி மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

பணம், பிள்ளைகள், வழக்கு இவை மூன்றும் நம் துறை இல்லை. வக்கீல், சமூகப் பணியாளர் யார் யார் என்று ஒரு பட்டியல் உங்களிடம் இருக்கட்டும். உங்கள் குறிப்பேடு ஒருநாள் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள். கேட்டதை அவர் வார்த்தையிலேயே, தேதியோடு எழுதுங்கள். உங்கள் ஊகங்களை அதில் கலக்காதீர்கள்.

நீங்கள்

இந்தக் கதைகளைத் தொடர்ந்து கேட்டால் நம் உள்ளேயும் ஏதோ மாறும். 1990-இல் லிசா மெக்கன், லாரி ஆன் பெர்ல்மன் என்ற இரு உளவியலாளர்கள் இதை விவரித்து, பிறர் வழியாக வரும் மனக்காயம் (vicarious traumatization) என்று ஒரு பெயரும் வைத்தார்கள். எனக்கு அது எப்படித் தெரிந்தது என்றால், பேருந்தில் பக்கத்தில் ஒருவர் போனில் குரலை உயர்த்தினால் என் தோள்கள் இறுகின. இரண்டு மாதம் அது வேலையிலிருந்து வந்தது என்றே புரியவில்லை. மேற்பார்வையாளர் கேட்ட பிறகுதான் புரிந்தது. மாதம் ஒரு முறையாவது மேற்பார்வைக்குப் போங்கள். ஒரே நாளில் இப்படிப்பட்ட அமர்வுகளை அடுத்தடுத்து வைக்காதீர்கள். உங்கள் சொந்த வாழ்க்கையில் இது போன்ற உறவு இருந்திருந்தால், அதைப் பேச உங்களுக்கென்று ஓர் ஆலோசகர் இருக்க வேண்டும்.

கடைசிப் படி: முடிப்பது

அமர்வுகளைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். வாரத்துக்கு ஒன்று இருந்தது இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதத்துக்கு ஒன்று என்று தளர்த்தலாம். எவ்வளவு வேகமாகத் தளர்த்துவது என்பதையும் அவரே சொல்லட்டும். எந்த நாட்கள் கடினமாக இருக்கும் என்று முன்கூட்டியே ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: வழக்கு வாய்தா, திருமண நாள், வீட்டை விட்டு வந்த தேதி, புதிதாக ஒருவர் நெருங்கும் நேரம். அந்த நாட்களில் மட்டும் வந்துவிட்டுப் போகலாம் என்று ஏற்பாடு செய்து வையுங்கள். காகிதத்தை யார் வைத்திருப்பது என்று கேளுங்கள். சிலர் தாங்களே வைத்துக்கொள்வார்கள், சிலர் "உங்ககிட்டயே இருக்கட்டும்" என்பார்கள்.

முதல் நாள் நாற்காலிக்கு முன் நின்றவர் அந்தக் காகிதத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "பிரதி ஒண்ணு உங்களுக்கு வேணுமா?" என்று என்னைக் கேட்டார். வேண்டும் என்றேன்.